கெட்டிமேளத்தில் கருகும் சப்வூபர்

எண்பதுகளின் கடைசியில் ஒக்லாந்தில் நடந்த தமிழ்க் கலியாணம் ஒன்றையும் தவறவிடாமல் போய், ஒன்றில்கூடத் தாலி கட்டுவதைக் கண்ணால் காணாத ஒரே மனிதர் ஏரம்பமூர்த்தி. எங்களுக்கு மூர்த்தி அண்ணை. ஐயர் கையை உயர்த்தும் நேரத்தில் அவர் மண்டபத்துக்குள் இருக்கமாட்டார். வாசலுக்கு முதுகைக் காட்டி நிறுத்திய தன்னுடைய பழைய ஹோல்டன் வாகன் காரின் முன் ஆசனத்தில், ரேப் ரெக்கோடரின் வொலியூம் குமிழைப் பிடித்தபடி இருப்பார். பின்கதவு மேலே திறந்திருக்கும். அதற்குள் ஒரு பெரிய மரப்பெட்டி, பெட்டிக்குள் சப்வூபர், அடித்தொனிக்கென்றே செய்த பெரிய ஸ்பீக்கர். எங்கள் சமூகத்தின் மேளக் கோஷ்டி அதுதான்.

அந்தக் காலத்தில் இங்கே தமிழரிடையே கணக்காளர்கள் இருந்தார்கள், பல் வைத்தியர்கள் இருந்தார்கள், எந்தச் சங்கத்துக்கும் உடனே தலைவராகிவிடத் தயாராகப் பலர் இருந்தார்கள். தவில் அடிக்க ஒருவர் இல்லை. மேளம் இல்லாமல் எப்படித் தாலி கட்டுவது? கட்டுகிற நேரத்தில் ஒரு தும்மலோ அழுகையோ காதில் விழுந்துவிட்டால், பிறகு அந்தத் தம்பதி உப்புக் கூடிய குழம்புக்குச் சண்டை பிடித்தாலும் பழி அந்தத் தும்மலுக்குத்தான் போகும். ஆகவே மேளம் பதிந்த ஒரு கசற். கசற்றுக்கு ஒரு கார். காருக்கு மூர்த்தி அண்ணை.

ஒடாஹுஹுவில் கார் பொருத்தும் தொழிற்சாலை ஒன்றில் நானும் அவரும் ஒரே வரிசையில் வேலை செய்தோம். கார்க் கதவுகளுக்கு ரப்பர் பொருத்துவது அவருடைய பகுதி. வெளிச் சத்தம் உள்ளே வராமல் அந்த ரப்பர்தான் காக்கும். கிழமை முழுவதும் ஊரார் கார்களுக்கு அமைதி செய்து கொடுத்துவிட்டு, சனி ஞாயிறில் தன் காரால் தெருவை நடுங்கவைப்பார். எதிர்வீட்டு ரொங்கா நாட்டு அம்மா ஒருநாள் பூமி அதிர்ச்சி என்று நினைத்துப் பிள்ளைகளை மேசைக்குக் கீழே அனுப்பினாவாம். மூர்த்தி அண்ணை அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

கலியாணங்களில் எனக்கும் ஒரு பதவி உண்டு. வாசற்படியில் நின்று, ஐயர் கையை உயர்த்தியதும் நான் சால்வையை உயர்த்தவேண்டும். பக்கக் கண்ணாடியில் சால்வையைக் கண்டதும் மூர்த்தி அண்ணை குமிழைக் கடைசிவரை திருகுவார். இன்னும் கொஞ்சம் திருகினால் குமிழ் கையோடு வந்துவிடும், அந்தக் கடைசி. அம்பிளிபயரில் பாஸை, அதாவது அடித்தொனியை, கூட்டும் பொத்தானையும் அதே வேகத்தில் அமுக்குவார். அதற்குப் பிறகு தவில் தவிலாக இராது. தகரக் கூரையில் தேங்காய் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். சனங்கள் அட்சதையைப் பாதி மணமக்கள் மீதும் பாதி நிலத்திலும் போட்டுவிட்டுக் காதைப் பொத்துவார்கள். எல்லாரும் காதைப் பொத்தினார்களா என்று அவர் என்னிடம் விசாரிப்பார். ஓம் என்றால் அன்று முழுக்க அவருக்கு முகம் மலர்ந்திருக்கும்.

இந்தத் தொண்டில் சப்வூபர்கள் ஒவ்வொன்றாக உயிரை விட்டன. முதலாவது செத்தபோது மலிவுச் சாமான் என்றார். அதைவிடப் பெரிதாக ஒன்று வாங்கினார். அது செத்தபோது இந்த நாட்டுக் குளிர் அதற்கு ஒத்துவரவில்லை என்றார். மூன்றாவது இன்னும் பெரிது, அதன் பெட்டியில் அச்சடித்திருந்த வாற்ஸ் கணக்கைப் பார்த்தால் ஒரு கிராமத்துக்கே வெளிச்சம் கொடுக்கலாம். அதற்கு நாவூறு பட்டுவிடக்கூடாது என்று தேசிக்காயும் செத்தல் மிளகாயும் கோத்துப் பெட்டியில் தொங்கவிட்டார். முதல் அடியிலேயே தேசிக்காய் துள்ளிப்போய் ஸ்பீக்கரில் மோதியது. நாவூற்றை எதிர்த்து நின்ற முதல் ஆயுதம் எங்கள் பக்கத்தையே தாக்கியது.

அந்த மூன்றாவது செத்த இடம்தான் பிரச்சினை. தியாகலிங்கம் வீட்டுக் கலியாணம். நான் சால்வையை உயர்த்தினேன், தேங்காய்கள் கொட்டின, திடீரென்று நின்றன. கருகிய மணம் ஒன்று மண்டபத்துக்குள் வந்தது. ஓமத்தில்தான் ஏதோ குறை என்று ஐயர் இன்னும் கொஞ்சம் நெய் வார்த்தார். மாப்பிள்ளை இரண்டாவது முடிச்சில் இருந்தார். அந்தப் பேரமைதியில் முன்வரிசையிலிருந்து ஒரு தும்மல் வந்தது. சாதாரணத் தும்மல் அல்ல, சுவரில் பட்டுத் திரும்பி வந்த தும்மல். தும்மியவர் இராசரத்தினம். அவருடைய மனைவி குணவதி அக்கா, தும்மிய கணவரை விட்டுவிட்டு வாசலில் நின்ற என்னையும் சால்வையையும்தான் பார்த்தா.

இது இதோடு முடிந்திருக்கும். ஆனால் குணவதி அக்காவின் மகன் ஆனந்தராசாவுக்கு மூர்த்தி அண்ணையின் மைத்துனி சரோஜாதேவியைப் பேசி முடித்திருந்தார்கள். மூர்த்தி அண்ணையின் மனைவி பத்மாவதி அக்காவுக்கு இந்த நாட்டில் தன் பக்கத்து ஆள் என்று ஒருவரும் இல்லை. ஒரே தங்கச்சி, கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தா. அந்தத் தங்கச்சி பக்கத்துத் தெருவில் குடிவரப் போகிறா என்ற நினைப்பிலேயே பத்மாவதி அக்கா அந்த வருடம் நடந்துதிரிந்தா. இந்த நிலைமையில் குணவதி அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் அங்கே இருந்த நேரம், மகனோடு மூர்த்தி அண்ணை வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியைக் கையில் எடுக்க முன்னமே விஷயத்தைப் போட்டா.

"கலியாணத்தைச் சிட்னியில வைப்பம். அங்கை உண்மையான மேளக்காரர் இருக்கினம். இவன்ர மாமி அங்கை ஒரு வேலையும் பாத்து வைச்சிருக்கிறா."

"எல்லாருக்கும் சொல்லியாச்சே அக்கா, இஞ்சைதான் எண்டு," என்றா பத்மாவதி அக்கா.

"சொன்னதுதான். ஆனா உங்கட மனுசன்ர மேளம் பாதியில நிக்குதே."

"தும்மினது ஆர் எண்டும் ஒருக்கா யோசியுங்கோவன்," என்றார் மூர்த்தி அண்ணை.

"தும்மல் வரும்தான். அதை மறைக்கத்தானே மேளம் வைக்கிறது," என்றா குணவதி அக்கா. கடைசியாக மகனின் கெஞ்சலுக்கு இரங்கி, ஒரு நிபந்தனையோடு ஒக்லாந்துக்கு ஒத்துக்கொண்டா. "மேளம் நிண்டுதெண்டால் என்ர மகன் தாலியைக் கையில வைச்சுக்கொண்டு எழும்பி வந்திடுவான். பிறகு சிட்னியில போய்க் கட்டுவம், அங்கையே இருந்திடுவம்." பக்கத்தில் இருந்த ஆனந்தராசா அம்மா சொன்னதற்குத் தலையாட்டினான். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற பிள்ளை.

அவர்கள் போனதும் பத்மாவதி அக்கா கணவரிடம் சண்டை பிடிக்கவில்லை. கராஜுக்குள் போய், செத்த மூன்று சப்வூபர்களையும் தூக்கிக்கொண்டுவந்து கூடத்தில் அடுக்கினா. மூர்த்தி அண்ணை ஒன்றையும் எறியாமல் வைத்திருந்தார். "இதுகளை ஆருக்கும் காட்டுங்கோ. என்ன வருத்தத்தில செத்ததெண்டு தெரியாம நாலாவதை வாங்கக்கூடாது," என்றா.

நியூ லின்னில் ரேடியோவும் ரீவியும் திருத்தும் ஏர்னஸ்ட் மன்னார் ஆள். கெட்டிக்காரன், அதை அவரே சொல்லுவார். ஒரு கேள்விக்கு ஒரு பதில் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. மூன்று சொல்லுவார், அதில் ஒன்று கேட்டவரைப்பற்றியதாக இருக்கும். மூன்று பிரேதங்களையும் மேசையில் கிடத்தி, ஒவ்வொன்றின் கோனையும், அந்தக் கடதாசிக் கூம்பை, விரல்களால் மெல்ல அமத்தினார். உள்ளே கரகரவென்று உரசியது. மீற்றரின் இரண்டு கம்பிகளையும் வைத்துப் பார்த்தார். முள் அசையவில்லை. பிறகு குனிந்து மூக்கால் மணந்து பார்த்தார்.

"மூண்டுக்கும் ஒரே வருத்தம்," என்றார். "கோன் கிழிஞ்சிருந்தா அடி கூடிப்போச்சு எண்டு சொல்லலாம். இது கிழியேல்லை. உள்ளுக்கை இருக்கிற கம்பிச் சுருள் கருகிப்போச்சு. மணந்து பாருங்கோ. உங்கட அம்பிளிபயர் எங்கை?"

அம்பிளிபயர் காரில் இருந்தது. அதை ஏர்னஸ்ட் கையால் சாண் போட்டு அளந்தார். அவரிடம் அது பெரிய அவமதிப்பு.

"இது சின்னன்," என்றார் மூர்த்தி அண்ணை, தானே முந்திக்கொண்டு. "ஸ்பீக்கர் பெரிசு. சின்னது எப்பிடிப் பெரிசை எரிக்கும்?"

"பெரிசெண்டு ஆர் சொன்னது? பெட்டியோ? பெட்டி வியாபாரியின்ர சொல்லு. சின்ன அம்பிளிபயருக்கு இவ்வளவுதான் தம் எண்டு இருக்கு. அதுக்கு மேல கேட்டியள் எண்டால் அது சத்தத்தைக் கூட்டாது. ஏறி இறங்கிற சத்தத்தின்ர தலையைச் சீவிப்போட்டு, மொட்டையாத் தரும். கிளிப்பிங் எண்டு சொல்லுறது. தலை சீவின சத்தத்தில ஸ்பீக்கர் அசையிறது கொஞ்சம், சுருள் சுடுறது கூட. அசைஞ்சாத்தானே காத்துப் பட்டு ஆறும். கெட்டிமேளம் வேற, இடைவெளி விடாம அடி. அது பாவம், எங்கை மூச்சு விடுறது?"

"அந்தத் தகரச் சத்தம்..." என்று நான் இழுத்தேன்.

"அதுதான் ஸ்பீக்கர் சாகேக்கை போட்ட சத்தம். நீங்கள் அதுக்கு அட்சதை போட்டிருக்கிறியள்."

பிறகு விசாரணை தொடங்கியது. மேளம் போடும்போது எஞ்சின் ஓடுகிறதா? இல்லை. பின்பக்கம் மண்டபத்தைப் பார்ப்பதால் புகை உள்ளே போகும், ஐயருக்கு இருமல். அதற்கு முன்னே எவ்வளவு நேரம் நாயனம் போடுவீர்கள்? தாலிக்குப் பொன்னுருக்கும் நாளிலிருந்து தொடங்காத குறைதான், முழுக் காலையும். அப்படியென்றால் பற்றறி வடிந்து, அம்பிளிபயர் அரை உயிரில் கிடக்கிற நேரம் பார்த்து, குமிழை முழுக்கத் திருகி, பாஸையும் அமுக்குகிறீர்கள். ஓம். கசற் எங்கே வாங்கியது? வாங்கவில்லை. லண்டனில் ஒருவரிடம் இருந்த பிரதியைச் சிட்னியில் ஒருவர் பிரதி செய்து, அதை இங்கே எங்கள் நவரத்தினம் பிரதி செய்து, அதிலிருந்து மூர்த்தி அண்ணை, சத்த அளவு காட்டும் முள் சிவப்பில் நிற்க நிற்கப் பிரதி செய்தது.

"அப்ப கசற்றிலேயே தலை இல்லை," என்றார் ஏர்னஸ்ட். "அண்ணை, நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. ஏன் கடைசிவரைக்கும் திருகவேணும்? பாதியில வைச்சாலே அந்த மண்டபத்துக்குக் காணுமே."

மூர்த்தி அண்ணை எழும்பினார். மூன்று சப்வூபர்களையும் எடுத்துக்கொண்டு காருக்குப் போனார். வாயடைத்துப்போனார் என்று நான் வழியெல்லாம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு வந்தேன்.

சரோஜாதேவி விசா கிடைத்து வந்தபோது, அக்கா எழுதிச் சொன்னபடி, சேலைகளுக்கு நடுவில் கடையில் வாங்கிய புத்தம்புதுக் கசற் ஒன்றைச் சுற்றிக்கொண்டு வந்தா. தன் கலியாணத்தின் மேளத்தைத் தானே பெட்டியில் கட்டிக்கொண்டு வந்த மணமகள் வேறு எங்கும் இருந்திருப்பாவோ தெரியாது. ஏர்னஸ்ட் அன்று பின்னேரம் மூர்த்தி அண்ணை வீட்டுக்கு வந்தார். பெரிய அம்பிளிபயர், நல்ல மொத்தமான வயர், நாலாவது சப்வூபர் எல்லாம் பொருத்தியாயிற்று. எஞ்சினை ஓடவிட்டு, கெட்டிமேளத்தைப் போட்டு, குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போனார். தவிலில் மெல்லிய கரகரப்பு ஒன்று கேட்டதும் நிறுத்தி, அதிலிருந்து நன்றாகப் பின்னுக்கு வந்தார்.

"அக்கா, அடையாளம் வைக்க ஏதும் தாங்கோ."

பத்மாவதி அக்கா சாந்துப் பொட்டுக் குப்பியைக் கொடுத்தா. ஏர்னஸ்ட் குமிழுக்குச் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தார். பாஸ் பொத்தானை அமுக்க முடியாமல் அதற்கு மேல் ஒட்டும் ரேப்பை ஒட்டினார். பிறகு கட்டளைகளைச் சொன்னார். பெட்டியைக் காரிலிருந்து இறக்கி மண்டப வாசலுக்குள் வைக்கவேண்டும், நீள வயர் இழுக்கவேண்டும், காரின் முகம் மண்டபத்தையும் புகைக்குழாய் தெருவையும் பார்க்கவேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். பொட்டைத் தாண்டக்கூடாது.

"இந்தச் சத்தம் ஆருக்கு அண்ணை காணும்?" என்று மூர்த்தி அண்ணை என்னைப் பார்த்துக் கேட்டார். தன்னைவிட இளையவனான என்னை அவர் அண்ணை என்று கூப்பிட்டால் ஆள் நிதானத்தில் இல்லை என்று அர்த்தம்.

"காது உள்ள ஆக்களுக்குக் காணும்," என்றார் ஏர்னஸ்ட்.

அப்போதுதான் பத்மாவதி அக்கா சொன்னா, தேத்தண்ணித் தட்டத்தைக் காரின் முன்மூடியில் வைத்தபடி. "எங்கட கலியாணத்துக்கு மேளம் இல்லை. அதுதான் இவர் இப்பிடி."

மூர்த்தி அண்ணை காருக்குள் ஏதோ வயரைத் தேடத் தொடங்கினார்.

"ஊரடங்கு. மேளக்காரர் வர ஏலாமப் போச்சு. உடுவில்ல எங்கட வீட்டுக்கு முன்னால றோட்டில ஆமி ட்ரக் நிண்டது. ஐயர் மந்திரத்தைக்கூட வாய்க்குள்ளதான் சொன்னவர். இவர் தாலி கட்டேக்கை ஒருத்தரும் மூச்சும் விடேல்லை. பின்வளவில நாய் குலைச்சது. அது மட்டும்தான் கேட்டது. எனக்கு இப்பவும் கேக்கும்."

எனக்கு எதற்கும் ஒரு நக்கல் கைவசம் இருக்கும். அன்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. இத்தனை நாள் அந்த மனிதரைப் பார்த்துச் சிரித்ததை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. தேத்தண்ணி நல்லாயிருக்கு அக்கா என்று மட்டும் சொன்னேன். அதில் சீனி போட மறந்திருந்தா.

கலியாணம் ஒரு சனிக்கிழமை காலை, ஒடாஹுஹுவில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. குணவதி அக்கா முன்வரிசையில் இருந்தா. மணவறை ஒரு பக்கம் இருக்க, வாசலோரம் வைத்த பெட்டியைத்தான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தா. பக்கத்தில் இராசரத்தினம் மூக்கில் கைலேஞ்சியை வைத்து அமத்தியபடி இருந்தார். வீட்டில் நல்ல பாடம் நடந்திருக்கும். பத்மாவதி அக்கா தங்கச்சிக்குப் பின்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றா. வெளியே ஹோல்டன், மண்டபத்தைப் பார்த்தபடி, எஞ்சின் ஓட நின்றது.

ஐயர் கையை உயர்த்தினார். நான் சால்வையை உயர்த்தினேன்.

மேளம் வந்தது. அதைத் தவில் என்று சொல்லலாம். விரல் வேறு, கழி வேறாகக் கேட்டது. ஆனந்தராசா தாலியைக் கையில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல அம்மாவைப் பார்த்தான். குணவதி அக்கா தலையைச் சரித்துக் கேட்டா. எங்கே நிற்கப்போகிறது என்று காத்திருந்தா. அது நிற்கவில்லை. பத்மாவதி அக்காவின் உதடுகள் ஏதோ சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. கடைசியில் குணவதி அக்கா ஒருமுறை தலையை அசைத்தா. பையன் குனிந்தான்.

இரண்டாவது முடிச்சில் இராசரத்தினத்தின் தோள்கள் குலுங்கின, லேஞ்சி பறந்தது. அவர் தும்மியதை நான் கண்ணால் கண்டேன், காதால் கேட்கவில்லை. ஒருவரும் கேட்கவில்லை.

இனி மூர்த்தி அண்ணை பொட்டைத் தாண்டப்போகிறார் என்று பயந்து காரைத் திரும்பிப் பார்த்தேன். கை குமிழில்தான் இருந்தது. ஆனால் மனிதருக்குக் குமிழின் நினைவே இல்லை. கார் முகம் திருப்பி நின்றதால் திறந்த வாசலினூடே மணவறை அவருக்கு நேரே தெரிந்தது. ஸ்டியரிங்கில் நெஞ்சை முட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது. அவர் துடைக்கவில்லை. அன்று காலை நாலாவது சப்வூபரைக் காப்பாற்றியது ஏர்னஸ்டின் கிளிப்பிங் பாடம் என்று ஏர்னஸ்ட் இன்றைக்கும் சொல்லுவார். மூர்த்தி அண்ணை வேடிக்கை பார்த்ததுதான் என்பது எனக்குத் தெரியும்.

சாப்பாட்டுப் பந்தியில் சனங்கள் நன்றியை வழமைபோலத் தெரிவித்தார்கள். "மூர்த்தி, இந்த முறை சத்தம் காணாது," என்றார் தியாகலிங்கம். "முந்தி எண்டால் நெஞ்சு அதிரும்," என்றார் நவரத்தினம். காதைப் பொத்த வாய்ப்புக் கிடைக்காததில் எல்லாருக்கும் ஒரு மனக்குறை. குணவதி அக்கா மட்டும் இரண்டாம் தரம் பாயாசம் வாங்கிக்கொண்டு, பக்கத்துத் தெருவில் வாடகைக்கு வீடு ஏதும் இருக்கிறதா என்று பத்மாவதி அக்காவிடம் விசாரித்தா.

பின்னேரம் சனங்கள் போன பிறகு நாங்கள் பெட்டியைக் காரில் ஏற்றினோம். நான் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பத்மாவதி அக்கா வந்து முன் ஆசனத்தில், கணவருக்குப் பக்கத்தில் இருந்தா.

"ஒருக்காப் போடுங்கோ," என்றா.

"என்னத்தை?"

"கெட்டிமேளம். எங்கட கலியாணத்துக்கு."

மூர்த்தி அண்ணை கசற்றைப் பின்னுக்குச் சுற்றிப் போட்டார். குமிழை ஒழுங்காகப் பொட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். பத்மாவதி அக்கா கொஞ்ச நேரம் கேட்டா. பிறகு பாஸ் பொத்தானில் ஒட்டியிருந்த ரேப்பை நகத்தால் உரித்தெடுத்து, பொத்தானை அமுக்கினா.

"பத்மா, எரிஞ்சுபோகும்," என்றார் அவர்.

"எரியட்டும். இன்னும் எனக்கு அந்த நாய் குலைக்கிறது கேக்குது."

அவர் குமிழைக் கடைசிவரை திருகினார். பாடசாலையின் யன்னல்கள் கிடுகிடுத்தன. கார்ப் பார்க் முழுக்கத் தேங்காய் கொட்டியது. கதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நின்ற இடத்திலேயே நின்றேன். காருக்குள் இரண்டு பேரும் நேரே முன்னுக்குப் பார்த்தபடி, கலியாணப் படத்துக்கு இருக்கிறவர்கள் மாதிரி அசையாமல் இருந்தார்கள். அந்தக் கருகிய மணம் எனக்கு எட்டிய பிறகும் மேளம் கொஞ்ச நேரம் அடித்தது. பிறகு நின்றது.

திங்கட்கிழமை வேலை முடிந்து நானும் அவரும் நாலாவது சப்வூபரை நியூ லின்னுக்குக் கொண்டுபோனோம். ஏர்னஸ்ட் கோனை அமத்திப் பார்த்தார், மணந்தார், மூர்த்தி அண்ணையை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்த முறை ஆற்ர நாவூறு?"

"ஒருத்தற்றையும் இல்லை," என்றார் மூர்த்தி அண்ணை. "தெரிஞ்சுகொண்டுதான் எரிச்சனான்."

ஏர்னஸ்டிடம் மூன்று பதில்கள் தயாராக இருந்திருக்கும். மூர்த்தி அண்ணையின் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் அவற்றை விழுங்கிக்கொண்டார். கருகிய சுருளைக் கழற்றி எடுத்து, குப்பையில் போடாமல், ஒரு பையில் வைத்து அவரிடமே கொடுத்தார்.